முந்திக் கிளம்பும் வில்

சின்ன வயதிலேயே டபுள் பேஸ்தான் வாசிப்பேன் என்று அடம்பிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த வாத்தியத்தின் பெரிய பெயர்கள்கூட வேறு வழியில்லாமல் இதற்கு வந்தவர்கள்தான். ஜொவான்னி பொத்தெசீனி 1835-ல் மிலான் இசைக் கல்லூரியில் சேரப் போனபோது உதவித்தொகையோடு காலியாக இருந்தவை இரண்டே இடங்கள். ஒன்று பஸ்ஸூனுக்கு, மற்றது டபுள் பேஸுக்கு. அதுவரை வயலின் வாசித்த பையன் சில வாரங்களில் பேஸைப் பழகிக்கொண்டு தேர்வுக்குப் போனான். பிற்காலத்தில் ஐரோப்பா அவரை டபுள் பேஸின் பகனீனி என்று கொண்டாடியது. 1871-ல் கெய்ரோவில் வெர்தியின் ‘ஐடா’ முதன்முதலாக மேடையேறியபோது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவரும் அவரே. செர்கெய் குஸெவித்ஸ்கி கதையும் இதே சாயல். கையில் காசில்லாமல் மாஸ்கோவுக்கு வந்த அந்தப் பையன், எந்த வாத்தியங்களுக்கு உதவித்தொகை மிச்சமிருந்ததோ அவற்றில் ஒன்றாக பேஸை எடுத்துக்கொண்டான். அவர்தான் பின்னாளில் 1924 முதல் 1949 வரை பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினார். அவர் எழுதிய பேஸ் கான்செர்ட்டோ இன்றைக்கும் எங்கள் மாணவர்களின் பையில் இருக்கும்.

நானும் வயலினிலிருந்து வந்தவள்தான். பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலினுக்குக் கூட்டம், பேஸுக்கு ஆளில்லை. கேட்டார்கள், போனேன். இப்போது ஜெர்மனியில் ஓர் ஓபரா அரங்கின் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறேன், ஒத்திகையும் நிகழ்ச்சியும் இல்லாத நேரமெல்லாம் மாணவர்களோடு கழிகிறது. இரண்டு இடத்திலும் நான் செய்யும் வேலை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: ஒலியை எங்கே, எப்போது, எவ்வளவு பாரத்தோடு தொடங்குவது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முன்பெல்லாம் பதினான்கு, பதினைந்து வயதுக்கு முன்னால் இந்த வாத்தியத்தைத் தொட முடியாது. நிமிர்த்தி வைத்தால் வளர்ந்த ஆளின் உயரம், கிட்டத்தட்ட பத்து கிலோ எடை. வயலின்காரர்கள் நான்கு வயதில் தொடங்கிவிட, பேஸ்காரர்கள் பத்து வருடம் பின்தங்கியே கல்லூரிக்கு வந்தார்கள். 1980களில் இங்கிலாந்தில் ராட்னி ஸ்லாட்ஃபோர்ட் சின்னஞ்சிறு பேஸ்களைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் முயற்சியைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஜார்ஜ் வான்ஸ் சிறுவர்களுக்கென்றே படிப்படியான பாடநூல்களை உருவாக்கினார். இன்று ஏழு வயதுக் குழந்தை தன் உயரத்துக்கு ஏற்ற பேஸை அணைத்துக்கொண்டு நிற்கிறது. கல்லூரி நுழைவுத் தேர்வில் நான் கேட்கும் வாசிப்பு, என் தலைமுறை படிப்பை முடித்தபோது வாசித்ததற்குக் குறைந்ததாக இல்லை. இதில் எனக்கு மகிழ்ச்சி மட்டும்தான்.

வாத்தியத்தின் அளவு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா பேஸில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 105 சென்டிமீட்டர். வயலினில் 33 சென்டிமீட்டர்கூட இல்லை. அதனால் தந்தியின் மேல் முனையில் ஓர் அரை ஸ்வரம் ஏற, விரல் ஆறு சென்டிமீட்டர் நகர வேண்டும். வயலினில் இரண்டுகூட வேண்டியதில்லை. கையை விரித்து வைத்தால் முதல் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஒரு முழு ஸ்வரம் பிடிபடும், அதற்கு மேல் இல்லை. மோதிர விரல் தனியாக நிற்காமல் சுண்டுவிரலுக்குத் துணையாகப் போய்விடுகிறது. ஒன்று, இரண்டு, நான்கு என்று இந்த விரலடைவை நூலாக எழுதி நிலைநிறுத்தியவர் ஃபிரான்ஸ் சிமாண்டல். பிராகில் படித்து, வியன்னா அரசவை ஓபராவில் வாசித்து, அங்கேயே பல்லாண்டு கற்பித்தவர். வயலின், வயோலா, செல்லோ மூன்றும் ஐந்தாம் ஸ்வர இடைவெளியில் சுருதி கூட்டப்பட, பேஸ் மட்டும் ஈ, ஏ, டி, ஜி என்று நான்காம் இடைவெளியில் நிற்பதற்கும் இந்தக் கை அளவே காரணம்.

சிமாண்டலின் நூலைத் திறந்தால் வறட்சியாகத்தான் இருக்கும். பக்கம் பக்கமாக அரை பொசிஷன், முதல் பொசிஷன், இரண்டாம் பொசிஷன். எனக்குக் கற்பித்தவர் அந்த வரிசையிலிருந்து ஓர் அடி விலக விட்டதில்லை. பின்னர் ஃபிரான்சுவா ராபாத்தின் முறை என் கைக்கு வந்தது. 1931-ல் சிரியாவின் அலெப்போவில் பிறந்தவர், கையில் கிடைத்த ஒரு பாடநூலை வைத்துத் தானாகவே கற்றுப் பாரீஸுக்குப் போனவர். விரல்பலகை முழுவதையும் ஆறே பொசிஷன்களாகப் பிரித்து, கட்டைவிரலை ஓரிடத்தில் ஊன்றிக் கையை அதன்மேல் திருப்பிக்கொள்ளச் சொன்னார். கை தாவுவதற்குப் பதில் சாய்கிறது. இந்த இரண்டு முறைகளுக்கும் இடையே பேஸ்காரர்கள் கட்சி கட்டிச் சண்டை போடுவதுண்டு. நான் இரண்டையும் விடவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் பலகையில் எங்கே குடியிருக்கிறது என்ற வரைபடம் சிமாண்டல் தருவது, அந்த ஊர் முழுக்க அலையாமல் நடக்கச் சொல்லித்தருபவர் ராபாத். வரைபடம் இல்லாமல் நடக்கத் தொடங்கிய மாணவர்கள் வேகமாக முன்னேறுகிறார்கள், ஆனால் அழுத்தம் வரும்போது சுருதி முதலில் கைவிட்டுப் போவது அவர்களுக்குத்தான்.

சுருதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அடித்தளத்து ஸ்வரங்களின் சுருதியை மனிதக் காது துல்லியமாகப் பிடிப்பதில்லை. அதனால் சற்றுக் கலைந்தாலும் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். கேட்பவருக்கு பேஸ் தவறு என்று தெரியாது, உண்மைதான். ஓபோ சரியில்லை, செல்லோ சரியில்லை, பாடகி சற்றுத் தாழ்ந்து பாடுகிறாள் என்றுதான் தெரியும். மேலே இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் ஸ்வரத்தை எங்களிடமிருந்து அளந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே என் வகுப்பில் வாசிப்பதற்கு முன் பாட வேண்டும். குரல் எப்படி இருந்தாலும் சரி, ஸ்வரம் தொண்டையில் நின்ற பிறகுதான் விரல் தந்தியில் இறங்கலாம்.

இனி வில். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலோர் உள்ளங்கை பக்கவாட்டில் திரும்பியிருக்க, வில்லின் அடிக்கட்டையைக் கைக்குள் வைத்துப் பிடிப்போம். பழைய வயோல் வாத்தியங்களின் பிடி இது. பிரான்சிலும் பிரிட்டனிலும் செல்லோவைப் போல மேலிருந்து பிடிப்பார்கள், பொத்தெசீனியும் அப்படித்தான் பிடித்தார். எது உயர்ந்தது என்ற கேள்வி எனக்குச் சலித்துப்போய்விட்டது. மாணவர் எந்தப் பிடியோடு வந்தாலும் அதிலேயே கற்பிக்கிறேன். தோளிலிருந்து பாரம் தடையில்லாமல் மயிரிழைகள் வரை இறங்குகிறதா என்பது ஒன்றே நான் பார்ப்பது.

பேஸின் ஈ தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அதாவது ஒரே ஓர் அதிர்வுக்கு ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு போய்விடுகிறது. மரம் விழித்துக்கொள்ளவும், இது இன்ன ஸ்வரம் என்று காது நிச்சயிக்கவும் சில அதிர்வுகளாவது வேண்டும். வயலினின் மேல் தந்தி அதே நேரத்துக்குள் பத்துப் பதினைந்து மடங்கு அதிர்ந்து தன்னை நிறுவிக்கொண்டிருக்கும். ஆக, வயலின்காரர் வில்லை இழுக்கும் அதே கணத்தில் நாமும் இழுத்தால் நம் ஒலி தாமதமாகத்தான் போய்ச் சேரும். கீழ் ஸ்வரம் பிந்தி வந்தால் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் தள்ளாடுகிறது, ஏன் என்று யாராலும் சுட்டிக்காட்டவும் முடியாது. எனவே நாங்கள் முந்திக் கிளம்புகிறோம். எவ்வளவு முந்தி? அதை எண்ணால் சொல்ல முடியாது. ஜி தந்தியில் சற்றுக் குறைவு, ஈ தந்தியில் சற்று அதிகம். காய்ந்த அரங்கில் ஒரு கணக்கு, எதிரொலிக்கும் தேவாலயத்தில் வேறு கணக்கு. எண்ணெய் மெருகு போல மெல்லிய தொடக்கம் கேட்கும் பிராம்ஸுக்கு ஒன்று, நறுக்கென்று வேண்டும் ஸ்ட்ராவின்ஸ்கிக்கு இன்னொன்று.

இதைக் கற்பிக்க நான் விரல் வைக்காத தந்தியைத்தான் பயன்படுத்துகிறேன். சென்ற மாதம் ஒரு மாணவி கீழ் ஈ தந்தியில் பெரிய ஒலி வரவில்லை என்றாள். வாசிக்கச் சொன்னேன். வில்லை விரலால் அழுத்திக்கொண்டு வேகமாக இழுத்தாள். ஒரு கரகரப்பு, பிறகு மூச்சுத்திணறல் போல ஓர் ஒலி. வில்லைத் தந்தியின் மேல் வைத்துவிட்டு இழுக்காமல் நிற்கச் சொன்னேன். முழங்கை தளர்ந்து, தோள் இறங்கி, கையின் பாரம் தானாகத் தந்திக்குள் போகும்வரை நின்றாள். ரோசின் பிடித்த மயிர் தந்தியைக் கவ்வியிருக்கிறதா என்று வில்லை ஒரு மயிரிழை அளவு இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒலி வரக்கூடாது, தந்தி மட்டும் வில்லோடு சேர்ந்து நகர வேண்டும். அந்தக் கவ்வல் கிடைத்த பிறகு, முன்னைவிட மெதுவாக, குதிரைக்குச் சற்று அருகில் இழுக்கச் சொன்னேன். தந்தி கண்ணுக்குத் தெரியும்படி அகலமாக ஊசலாடத் தொடங்கியது. பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த என் பேஸின் ஈ தந்தியும் தானாக முனகியது. அதைக் கேட்டு அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு தந்தியிலேயே அன்றைய வகுப்பு முடிந்தது.

இப்படிக் கற்றவர்கள் வேலைக்குப் போகும் வழி வேறு மாதிரி இருக்கிறது. எனக்கு இதில் தீர்மானமான கருத்து உண்டு. ஜெர்மனியில் பொதுப்பணத்தில் இயங்கும் ஆர்க்கெஸ்ட்ராக்கள் சுமார் 130. உலகத்தில் வேறெங்கும் இந்த அடர்த்தி கிடையாது. அப்படியும் ஒரு பேஸ் இடம் காலியானால் விண்ணப்பங்கள் குவிகின்றன. ஆடிஷனின் முதல் சுற்று பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடக்கும். யார், எந்த நாடு, ஆணா பெண்ணா என்று தெரியாது, அது நல்லது. வாசிக்க வேண்டியது டிட்டர்ஸ்டார்ஃப் அல்லது வான்ஹாலின் கான்செர்ட்டோ, முதல் பகுதி. இரண்டும் 18-ஆம் நூற்றாண்டு வியன்னாவில், அன்றைய வியன்னா பேஸுக்காக எழுதப்பட்டவை. அந்த பேஸின் சுருதி கீழிருந்து எஃப், ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ. டி மேஜர் ஸ்வரக்கூட்டு விரலே வைக்காமல் தந்திகளில் கிடைக்கும், வேகமான அடுக்குகள் கைக்குக் கீழே படுத்திருக்கும். மொசார்ட்கூட 1791-ல் அந்த வாத்தியத்தை மனதில் வைத்துத்தான் ஆண் குரலுக்கும் பேஸுக்குமாக ஒரு தனிப்பாடல் எழுதினார். அந்தச் சுருதி வழக்கொழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றைய நான்காம் இடைவெளித் தந்திகளில் அதே அடுக்குகளை வாசிக்க, கட்டைவிரலைப் பலகையின் மேலேற்றிப் பெரும்பாலும் உச்சியிலேயே தாவிக்கொண்டிருக்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு அந்த உச்சிக்கு வருடத்தில் எத்தனை முறை போவோம்? மிகச் சில முறை. ஆர்க்கெஸ்ட்ராவில் தினமும் செய்வது வேறு: ஐந்தாறு பேர் ஒரே மூச்சில் ஒரு மெல்லிய பிட்சிகாட்டோவை ஒன்றாகச் சுண்டுவது, பாடகர் மூச்சு வாங்கக் காத்திருந்து அவர் வாய் திறக்குமுன் தரையை விரித்து வைப்பது.

டிட்டர்ஸ்டார்ஃபைத் தேர்விலிருந்து நீக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. அந்த இசையில் வில் சுத்தமாக இல்லாவிட்டால் இரண்டு வரியில் தெரிந்துவிடும், ஒளிந்துகொள்ள இடமே தராத எழுத்து அது. ஆனால் முதல் சுற்றிலேயே ஆர்க்கெஸ்ட்ராப் பகுதி ஒன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். தனிவாசிப்பில் சற்று மங்கலாகவும் குழுவில் பொன்னாகவும் இருக்கக்கூடிய பலரை, இரண்டாம் சுற்றுக்கே வரவிடாமல் அனுப்பிவிடுகிறோம். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாக்களிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

தேறியவருக்கும் உடனே நிரந்தரம் கிடையாது. ஒரு வருடம் வரை சோதனைக் காலம். பிறகு சக வாசிப்பாளர்களே கூடி வாக்களிப்பார்கள். அந்தக் காலத்தில் புதியவர் என்ன வாசிக்கிறார் என்பதைவிட எப்படிக் கேட்கிறார் என்பதையே பேஸ் வரிசை கவனிக்கும். முன் மேசையில் இருப்பவர் வில்லின் எந்தப் பகுதியில் வாசிக்கிறார், எந்தத் தந்தியில் அந்த ஸ்வரத்தை எடுக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று புதியவரின் முதுகே காட்டிக்கொடுத்துவிடும். வெர்தியின் ‘ஒத்தெல்லோ’ இதற்கு நல்ல பரிசோதனை. நான்காம் அங்கத்தில் ஒத்தெல்லோ படுக்கையறைக்குள் நுழையும் இடம். மற்ற எல்லோரும் அமைதியாகிவிட, பேஸ்கள் மட்டும் ஒலியடக்கி மாட்டிக்கொண்டு கீழ் ஈ-யிலிருந்து ஏறத் தொடங்கும். 1887-ல் அது முதன்முதலாக மேடையேறியபோது இத்தாலியில் மூன்று தந்தி பேஸ்கள் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் அந்தக் கீழ் ஸ்வரமே இல்லை. அதனால் நான்கு தந்திக்காரர்கள் மட்டுமே வாசிக்க வேண்டும் என்று வெர்தி தன் கையால் குறித்துவைத்தார். அந்த முதல் ஈ-யை வரிசை முழுவதும் ஒருவராகத் தொடங்க வேண்டும். யாருடைய வில்லாவது தந்தியைத் தொடும் சத்தம் தனியாகக் கேட்டுவிட்டால் ஒத்தெல்லோ உள்ளே வரவில்லை, ஒரு பேஸ்காரர் வந்துவிட்டார் என்று ஆகிவிடும். மேலே போகப்போக எல்லோருக்கும் சுருதி ஒட்ட வேண்டும். இந்தப் பகுதியை நன்றாக வாசித்த இரவில் நாங்கள் ஒருவருக்கொருவர் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை, வில்லால் மேசையை லேசாகத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவோம்.

என் மாணவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு நாற்காலி கிடைக்காது. இதை முதல் வருடமே சொல்லிவிடுகிறேன். சிலர் இசைப்பள்ளிகளில் கற்பிக்கப் போவார்கள், சிலர் நிரந்தர இடமில்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா போய் வாசிப்பார்கள், சிலர் பழைய சுருதிமுறைகளைத் தேடிப் பரோக் குழுக்களில் சேர்வார்கள். கற்பிக்கப் போகிறவர்களைப் பற்றி யாராவது பரிதாபமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. ஏழு வயதுக் கையில் முதன்முதலாக வில்லை வைத்துவிடுகிறவர் செய்வதைத்தான், பதினைந்து வருடம் கழித்து ஆடிஷன் மேடையில் நாங்கள் கேட்டு மதிப்பெண் போடுகிறோம்.

எல்லோரும் எப்படியும் வந்து நிற்கும் சில பக்கங்கள் உண்டு. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் கடைசிப் பகுதி அப்படி ஒன்று. செல்லோவும் பேஸும் பாடகரைப் போலப் பேசிப் பேசி, கடைசியில் அந்தப் பிரபலமான மெட்டை முதன்முதலாக, மெல்ல, துணைக்கு யாருமில்லாமல் வாசிக்கும் இடம். அதைவிட எனக்கு நெருக்கமானது 1808-ல் வியன்னாவில் முதலில் கேட்கப்பட்ட ஐந்தாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதி, அதன் நடுவே வரும் டிரியோ. இதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன் வெனிஸ்காரரான பேஸ் மேதை தொமெனிகோ டிராகொனெத்தி வியன்னா வந்து, பீத்தோவனின் செல்லோ சொனாட்டா ஒன்றை அவரோடு சேர்ந்து பேஸிலேயே வாசித்துக் காட்டினார் என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை. பேஸால் என்னென்ன முடியும் என்று பீத்தோவன் அன்றைக்குத் தெரிந்துகொண்டார் என்று நம்ப எனக்கு ஆசை. டிரியோவை வாசிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த நம்பிக்கை கூடுகிறது.

சி மேஜரில், முழு பலத்தோடு, செல்லோவும் பேஸும் மட்டும் ஓடத் தொடங்குகின்றன. ஆடிஷனில் இதைக் கேட்காத ஆர்க்கெஸ்ட்ரா அரிது. மாணவர்கள் வேகத்துக்குப் பயப்படுகிறார்கள். வேகம் சில மாதப் பயிற்சியில் வந்துவிடும். கஷ்டம் இரண்டாம் பாதியில் இருக்கிறது. நாங்கள் தொடங்குகிறோம், சட்டென நிற்கிறோம். மறுபடி தொடங்குகிறோம், மறுபடி நிற்கிறோம். அந்த மௌனங்களில்தான் வில் தெரியும். நின்றதும் கையைத் தளர்த்தி வில்லைத் தூக்கிவிட்டால் அடுத்த தொடக்கம் மேலிருந்து விழும், தந்தி விழித்துக்கொள்ளுமுன் முதல் ஸ்வரம் கடந்துபோகும். இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒலி உடைந்து வரும். வில் தந்தியின் மேலேயே இருக்க வேண்டும், கவ்வியபடி, பாரத்தோடு, ஆனால் தோள் மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த மாணவியோடு இப்போது இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்வரங்களை எல்லாம் விட்டுவிட்டு மௌனங்களையும் அவற்றுக்குப் பின் வரும் முதல் ஸ்வரத்தையும் மட்டும் வாசிக்கச் சொல்கிறேன். நின்று, கவ்வி, முந்திக் கிளம்ப வேண்டும். அது சரியாக வந்த பிறகுதான் மூன்றாவது தொடக்கத்தை அனுமதிப்பேன். அந்த முறை பீத்தோவன் எங்களை நிறுத்துவதில்லை. ஓட்டம் பிடித்ததும் மேல் தந்திகள் ஒவ்வொன்றாக எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொள்கின்றன, வாசிக்கிறவருக்கு அப்போது எதையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.